முதல் பக்கத்துப் பென்சில்

"இதை மறுபடியும் அச்சுல போட்டா, இத்தனை வருஷம் சேர்த்து வச்ச பேரு ஒரே நாள்ல போயிடும்!"

அந்த மர்மக் கதை எழுத்தாளர் தன் முதல் நாவலை மேஜைமேல் வீசினார். எழுதி முப்பது வருஷம் கழித்து நேற்றுதான் திரும்பப் படித்திருந்தார். எதிரே ஒப்பந்தத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருந்த பதிப்பாளருக்கு முகம் தொங்கிப்போனது.

"என்ன சார் இப்படிச் சொல்றீங்க? உங்களைத் தூக்கி நிறுத்தினதே இந்தப் புத்தகம்தானே! டாக்டர்தான் கொலைகாரன்னு எங்கம்மா கடைசிப் பக்கம் வரைக்கும் அடிச்சுச் சொன்னாங்களாம்."

"அதான்யா எனக்கும் புரியல! ரெண்டாம் அத்தியாயத்துலயே சமையல்காரன் முழிக்கிற முழி இருக்கே, பச்சைக் குழந்தைகூடச் சொல்லிடும் அவன்தான்னு. அன்னைக்கு ஜனங்க கண்ணை மூடிக்கிட்டா படிச்சாங்க?"

"கத்தாதேடா. பக்கத்து வீட்டுக்கும் கொலைகாரன் யாருன்னு தெரிஞ்சிடப் போகுது," என்றபடி தேநீரோடு வந்தாள் அக்கா.

ஊருக்கெல்லாம் அவர் பெரிய எழுத்தாளர். அவளுக்கு வெறும் 'டா'. ஒரு கடையும் சீந்தாத அந்தப் புத்தகத்தின் ஐநூறு பிரதிகளையும் தன் வாடகை நூலகத்தில் அடுக்கி, கேட்டவர், கேட்காதவர் எல்லார் கையிலும் திணித்தவள் அவள்தான்.

"நீயே சொல்லுக்கா, இதெல்லாம் ஒரு கதையா?"

"சுமார்தான்," என்றாள் அக்கா கூசாமல். "ஆனா நான் வளர்த்துவிட்ட பிள்ளைடா அது. கையெழுத்தைப் போடு."

"மாட்டேன். எவனோ ஒரு படுபாவி முதல் பக்கத்துலயே கொலைகாரன் யாருன்னு பென்சில்ல எழுதி வச்சிட்டான்னு நீதானே சொன்னே? நினைச்சா இன்னும் வயிறு எரியுது. அப்படியும் எப்படித்தான் ஓடிச்சோ!"

அக்கா தேநீரை மேஜைமேல் வைத்தாள். உள்ளே போய், அட்டை நைந்த நூலகப் பிரதி ஒன்றைக் கொண்டுவந்து பதிப்பாளரிடம் நீட்டினாள்.

"சத்தமாப் படிங்க தம்பி."

பதிப்பாளர் முதல் பக்கத்தைப் புரட்டினார். "'கொலைகாரன் டாக்டர்.'" குழம்பிப்போய் நிமிர்ந்தார். "ஆனா கொன்னது சமையல்காரன்தானே?"

"டாக்டரையே முறைச்சுக்கிட்டுப் படிக்கிறவங்க சமையல்காரனைத் திரும்பிப் பார்ப்பாங்களா?"

எழுத்தாளர் அந்தப் பிரதியை வாங்கிப் பென்சில் எழுத்தை உற்றுப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டே பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்தைப் போட்டார்.

அக்கா வலது கையை உதறிக்கொண்டாள். "தம்பி, இந்தத் தடவை அந்த வரியையும் அச்சுலயே போட்டுடுங்க. ஐநூறு புத்தகத்துலயும் உட்கார்ந்து எழுத இனிமே என் விரல்ல தெம்பு இல்ல."