நூறு மில்லிக்கு மேல்

"இன்னொரு தடவ அந்த பாட்டில்ல கைய வச்சீங்கன்னா நல்லா இருக்காது மேடம்" என்று நந்தினி சொன்னதும், வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றவர் தன் பையை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

விமான நிலையச் சோதனை மேசையில் இருந்த பெண் அதிகாரி அசரவில்லை. பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஒரு கிலோ இறால் தொக்கு, அதன் மேல் இரண்டு விரல் உயரத்துக்கு நல்லெண்ணெய்.

"நூறு மில்லிக்கு மேல தண்ணி, எண்ணெய், குழம்பு எதையும் கைப்பையில விட மாட்டோம். போர்டு இருக்குதே, படிக்கலையா?"

"இது குழம்பு இல்ல, தொக்கு. கரண்டியில எடுத்தா அப்படியே நிக்கும்."

"எண்ணெய் நிக்குமா?"

"எங்க மாமியா செஞ்சி குடுத்தது. பழவேற்காட்டுலேர்ந்து மடியில வச்சிக்கினு வந்தேன். யாருக்கும் தரமாட்டேன்."

"அப்ப நீங்களும் இங்கயே இருங்க. அடுத்த ஆள் வாங்க."

பக்கத்து வரிசையில் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்த மனோஜ் ஓடி வந்தான். அவனும் பழவேற்காட்டில் அவளுடைய மீனவக் குப்பம்தான். மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக், லீவு முடிந்து அதே விமானத்தில் திரும்புகிறான். பாட்டில் நந்தினியின் கணவன் ரஞ்சித் கைக்குப் போய்ச் சேருகிறதா என்று கண்காணிக்க மாமியார் லோகநாயகி அனுப்பி வைத்த ஒற்றன்.

"அப்பவே சொன்னேனே அண்ணி. என் பொட்டியில எட்டு கிலோ எடம் இருந்திச்சி. நீங்கதான் எண்ணெ ஒழுவும், கையிலயே வச்சிக்கிறேன்னு சொன்னீங்க."

"இப்ப அதச் சொல்லி இன்னா ஆவப்போவுது?"

அதிகாரி பாட்டிலைக் குப்பைத் தொட்டியில் போட்டாள். நந்தினி துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு தோள் குலுங்க நின்றாள். மனோஜுக்கே கண் கலங்கிவிட்டது.

துப்பட்டாவுக்குள் இருந்தது நிம்மதிப் பெருமூச்சு. நந்தினிக்கு இது மூன்றாவது மஸ்கட் பயணம். நூறு மில்லிக் கணக்கு அந்த அதிகாரியைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் பாட்டிலைக் கைப்பையில் வைத்தாள்.

வேறு வழி இல்லை. ரஞ்சித்தின் சிறுநீரகம் பழுதாகி நான்கு மாதம் ஆகிறது. உப்பைக் கண்ணால்கூடப் பார்க்காதே என்று மஸ்கட் டாக்டர் சொல்லிவிட்டார். அவன் அப்பாவைக் கொண்டுபோனதும் இதே நோய்தான். "அம்மாவுக்குத் தெரிஞ்சா உயிர வுட்டுடும்" என்று சொல்லி நந்தினியிடம் சத்தியம் வாங்கியிருந்தான் அவன்.

லோகநாயகியோ முப்பது வருஷமாகக் கருவாடு போடுகிறவள். அவள் கை உப்பைப் பற்றிக் குப்பத்தில் பேசாத ஆள் இல்லை. அவள் செய்த தொக்கைக் கண்டால் ரஞ்சித்தைக் கட்டிப்போட்டாலும் நிறுத்த முடியாது.

காலையில் வேன் திருப்பாலைவனத்தைத் தொடும்போது ஆரம்பித்த சண்டை மீஞ்சூர் தாண்டியும் ஓயவில்லை. "ருசி பாக்கறேன்னு நீ மூடியத் தொறந்த, நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்றாள் லோகநாயகி. "எட்டு நாளைக்குள்ள எம்புள்ள தின்னு தீத்துடணும். அதுக்கு மேல வச்சிக்காத."

"ஒரு மாசத்துக்கு வச்சித் தின்னா இன்னா?"

"சொன்னதச் செய்யிடி."

தொக்குக்குக்கூட நாள் குறிக்கிற மாமியார் தனக்கு மட்டும்தான் வாய்த்தாள் என்று நந்தினி பல்லைக் கடித்தாள். இருவரும் விமான நிலைய வாசலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பிரிந்தார்கள்.

இப்போது அந்தப் பிசாசு பாட்டில் ஒழிந்தது. பழி அதிகாரியின் தலையில். சாட்சிக்கு மனோஜ் இருக்கிறான். நந்தினி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

ஒற்றன் தன் கடமையில் தவறவில்லை. லோகநாயகிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். "பெரியம்மா, தொக்கப் புடுங்கிட்டாங்க. அண்ணி எவ்ளோ சண்ட போட்டுச்சு தெரியுமா? ஒண்ணும் நடக்கல."

திரும்பிப் போகிற வேனின் இரைச்சலையும் மீறிக் குரல் வந்தது. "சண்ட போட்டாளா? வேணும்னே வுட்டிருப்பா. என் கையால செஞ்சது அவன் வாயிக்குப் போவக்கூடாது, அவளுக்கு அவ்ளோதான். ஸ்பீக்கர அணைச்சிட்டு போன அவகிட்ட குடு."

நந்தினி போனை வாங்கினாள். நாக்கு நுனியில் பதில் தயாராக இருந்தது. மனோஜை விட்டு நான்கு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்து, "சொல்லுங்கத்த" என்றாள்.

லோகநாயகி வேன் ஜன்னலை மூடுகிற சத்தம் கேட்டது.

"தெனம் வீடியோவுல வரான். காலையில கண்ணு ரெண்டும் வீங்கிக் கெடக்குது. தூக்கம் இல்லன்னு எங்கிட்டயே கத வுடறான்." லோகநாயகியின் குரல் இறங்கியது. "அவங்க நைனாவுக்கும் மொதல்ல கண்ணுதான் வீங்கிச்சு."

நந்தினி நாற்காலியின் நுனிக்கு வந்தாள். "அத்த..." என்றாள்.

"அந்தத் தொக்குல ஒரு கல்லு உப்பு போடலடி."