வகுப்பு வலைப்பூ

“இந்தக் காலத்துல எவனும் முகம் பார்த்துப் பேசறதில்ல” என்று முணுமுணுத்தபடியே பெரியவர் பள்ளிக்கூடப் படியேறினார். பேத்தியின் மெத்தைக்கடியில் கிடைத்த கணக்கு விடைத்தாள் கையில் இருந்தது. நூற்றுக்குப் பதினொன்று. இன்னும் ஒரு பரீட்சையில் தோற்றால் மறுபடியும் ஏழாம் வகுப்புதான்.

வகுப்பாசிரியை அசரவில்லை.

“போன மாசமே வலைப்பூவுல எழுதிட்டோமே, தாத்தா! உங்க மகன் பதிலும் போட்டாரே.”

அச்செடுத்த தாளை நீட்டி, அவரே வாசித்தார்: “‘மகளை நானே கவனித்துக்கொள்கிறேன். நேரில் அழைக்க வேண்டாம்.’ எவ்வளவு பொறுப்பான அப்பா!”

“அவன் விடிஞ்சா அடைஞ்சா பஸ் ஓட்டறவன். போனை மககிட்ட குடுத்துடுவான். அவளே வாசிச்சு, அவளே பதில் அடிப்பா. ‘வகுப்புல முதல் மார்க்’னு டீச்சர் எழுதியிருக்காங்கன்னுதானே வாசிச்சா!”

ஆசிரியைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“அப்போ கோளாறு உங்க வீட்டுல. பள்ளிக்கூடம் சரியாத்தான் எழுதியிருக்கு.”

“நீங்க எழுதினதைக் காட்டுங்க.”

ஆசிரியை கணினியைத் தொட்டார், கையை இழுத்துக்கொண்டார்.

“எனக்கு இதெல்லாம் அவ்வளவா வராது. மார்க் லிஸ்ட்டைக் குடுத்துடுவேன். ஏத்தறது, அச்செடுக்கறது எல்லாம் கெட்டிக்காரப் பொண்ணு ஒருத்தி பார்த்துக்குவா.”

“யாரு?”

ஆசிரியை விடைத்தாளில் இருந்த பெயரைப் பார்த்தார். முகம் வெளுத்தது.

“இன்னைக்கே வலைப்பூவுல கண்டிச்சு எழுதச் சொல்றேன், தாத்தா.”

“யார்கிட்ட சொல்வீங்க?”

பெரியவர் விடைத்தாளை மடித்து இடுப்பில் செருகினார்.

“நாளைக்கும் வருவேன். நடந்தே!”

படியிறங்கும்போதும் முணுமுணுப்பு ஓயவில்லை.