ஞாயிற்றுக்கிழமை தளரும் செயின்

ஞாயிற்றுக்கிழமை மட்டும் செயின் தளர்ந்துபோகும் பைக்கை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரரிடம் அப்படி ஒன்று இருந்தது.

அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி தவறிப் பல வருடம். கீழ் வீட்டில் தனியாக இருந்தார். அவருக்கு மேலே நான். எனக்கு மேலே மெஷின் அக்கா. தையல் மெஷின் ரிப்பேர் செய்கிறவர் என்பதால் அந்தப் பெயர். அவரும் தனிக்கட்டைதான்.

ஞாயிறு காலையில் கண்டக்டர் வீட்டுக்குப் பின்னால் நின்று, அண்ணாந்து குரல் கொடுப்பார். அக்கா பையைத் தூக்கிக்கொண்டு இறங்குவார். வரும் வழியில் என் கதவையும் தட்டுவார். சக்கரத்தைப் பிடிக்க ஆள் வேண்டுமே. ஊரை விட்டு வந்த பிறகு என் கதவை வேறு யாரும் தட்டியதில்லை.

செயினை இறுக்குவது சின்ன வேலை. அதற்கப்புறம் குடிக்கிற டீதான் மதியம் வரைக்கும் போகும். கண்டக்டர் பஸ் கதை சொல்வார். அக்கா நம்பாத மாதிரி கேட்பார்.

ஒரு ஞாயிறு மட்டும் பஸ் கதை கிடையாது.

அதற்கு முதல் நாள் சிக்னலில் செயின் சக்கரப் பல்லைத் தாண்டித் தாண்டி, வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது. பின்னால் லாரி. பின் சீட்டில் அவருடைய மகன்.

"நாளைக்குள்ள சரி பண்ணினா வச்சுக்கோங்கப்பா. இல்லைனா திங்கக்கிழமை காலைல பழைய இரும்புக்காரர் வராரு, பேசாம குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு அவன் தன் வீட்டுக்குப் போய்விட்டான்.

வண்டி போனால் ஞாயிற்றுக்கிழமையும் கூடவே போய்விடும். இது கண்டக்டருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

அக்கா என்ஜின் பக்கத்து மூடியைக் கழற்றினார். செயினை இழுக்கிற சின்னப் பல்சக்கரம் உள்ளே இருந்தது. பற்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, கொக்கி கொக்கியாக வளைந்திருந்தன.

"இது ரொம்ப நாளா லூசா ஓடின வண்டி, கண்டக்டர் சார். செயின் லூசா இருந்தா பல்லைத் தின்னுடும்."

"ரோடு சரியில்லம்மா."

"ரோடு வந்து நட்டைக் கழட்டுச்சா?"

கண்டக்டர் அவசரமாக வானத்தைப் பார்த்தார். மழை வருகிற மாதிரி இல்லை.

புதுப் பல்சக்கரம் கிடைக்காது. அந்த மாடல் வருவது நின்று எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அக்கா அதை உருவியெடுத்து, வெயிலில் காட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பல்லைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு மெதுவாகச் சிரித்தார்.

"சட்டைக் காலர் நைஞ்சுபோனா என்ன பண்ணுவோம்? பிரிச்சு, திருப்பி வச்சுத் தைப்போம்ல? அதே வேலைதான். இதை மறுபக்கமாத் திருப்பி மாட்டினா தேயாத பக்கம் இழுக்கும்."

கண்டக்டருக்கு உயிர் வந்தது.

நீண்டுபோன செயினில் இரண்டு கண்ணியைத் தட்டி எடுத்தார் அக்கா. மீதியை பிஸ்கட் டின்னில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப்போட்டார். பழைய பிரஷ் ஒன்று கேட்டார். கண்டக்டர் உள்ளே ஓடி, அதே வேகத்தில் திரும்பி வந்தார்.

"சார், இது ஈரமா இருக்கு."

"இப்பதான் பல்லு தேய்ச்சேன்."

"அப்ப நாளைக்கு?"

"வண்டி இருந்தாப் போதும்மா. என் பல்லு கிடக்குது!"

நான் சிரித்த சிரிப்பில் சக்கரத்தை விட்டுவிட்டேன். அக்கா என் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். கை முழுக்க கிரீஸ். ரெண்டு நாளைக்கு அது போகவில்லை, நானும் அவசரப்பட்டுக் கழுவவில்லை.

தெருக்கோடியில் ஒரு மேடு. செயினுக்குக் கோளாறு இருந்தால் அங்கே காட்டிக் கொடுத்துவிடும். கண்டக்டர் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, "ரைட், ரைட்!" என்று தனக்குத்தானே சொல்லிக் கிளம்பினார். மேட்டில் முறுக்கினார். கடக்கென்ற சத்தம் இல்லை, உதறல் இல்லை. வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி ஏறியது. இறங்கி மறுபடியும் ஏறினார். அதற்கப்புறம் ஏறியதெல்லாம் சும்மா சந்தோஷத்துக்கு.

திரும்பி வந்தபோது அக்கா கை துடைத்துக்கொண்டிருந்தார்.

"அவ்வளவுதான் சார். இனிமே ஒரு வருஷத்துக்கு இதைத் தொடவே வேண்டாம்."

"ஒரு வருஷமா?"

கண்டக்டரின் முகம் காற்றுப் போன டியூப் மாதிரி ஆகிவிட்டது.

அக்கா சாமான்களைப் பையில் போட்டார். கடைசியாக வண்டியின் பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்து, அதிலிருந்த ஸ்பேனரையும் எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"அது என்னோட ஸ்பேனரும்மா."

"தெரியும். என்கிட்டயே இருக்கட்டும். வேணும்னா மேல வந்து கேளுங்க, டீ போட்டுத் தரேன்."

சனிக்கிழமை சாயங்காலங்களில் கண்டக்டர் அந்த ஸ்பேனரோடு பின் சக்கரத்துப் பக்கம் குனிந்திருப்பதை என் ஜன்னலிலிருந்து நான் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி நான் யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

அக்காவின் ஜன்னல் என் ஜன்னலுக்கு நேர் மேலே இருக்கிறது.

மறுநாள் காலை பழைய இரும்புக்காரர் வந்து கூப்பிட்டார். நான்தான் இறங்கிப் போனேன். வண்டி இல்லை. கண்டக்டர் வீடு பூட்டியிருந்தது. மெஷின் அக்கா வீடும் பூட்டியிருந்தது.