நானாவின் நோன்பு

"ஆளைப் பார், நோன்பு பிடிக்கிற ஆளை!"

தவராஜாவுக்குக் கோபம் மண்டைக்கு ஏறிவிட்டது. மறந்துபோன குடையை எடுக்கத் திரும்பி வந்தவன் யன்னலுக்குள்ளால் கண்டது அதைத்தான். ஒரே அறையில் கூட இருக்கும் மஹ்றூப் நானா பாணைக் கடித்துக் கடித்துத் தண்ணீர் குடிக்கிறார். பட்டப்பகலில். நோன்பு மாசத்தில்.

குடையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் என்று அப்படியே திரும்பினான்.

அதுதானே! ஒவ்வொரு நாளும் நானா ஹோட்டல் குசினியில் மத்தியான வேலை முடிந்து இரண்டு மணிக்கு வந்தால், "தம்பி, சாப்பிட்டாச்சுத்தானே, ஆத்தங்கரையில ஒரு சுத்து நடந்திட்டு வாங்களேன்" என்று துரத்துவது இதுக்குத்தானோ?

கதைக்கிற கதை வேறை! "உடம்பில ஒரு சதைத்துண்டு இருக்கு தம்பி. அது சீரா இருந்தா உடம்பு முழுக்கச் சீர், கெட்டா முழுக்கக் கேடு. அதுதான் இதயமெண்டு எங்கட நபி சொல்லியிருக்கார்" என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்ன மனுசன்!

எண்பத்தாறு ஏப்ரலில் சுவிஸ் நாட்டு இன்டர்லாக்கனுக்கு வந்து இறங்கிய தவராஜாவுக்கு இன்னும் வேலை செய்ய அனுமதி இல்லை. வந்த புதிதில் நானா சாப்பாடு நீட்டியபோது, "ஓசிச் சோறு எனக்கு இறங்காது" என்று முகத்திலடித்த மாதிரிச் சொல்லிவிட்டு வெறும் தேத்தண்ணியோடு கிடந்தான். நோன்பு தொடங்கிய பிறகுதான் நானா சோத்துப் பார்சலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "ஹோட்டல்ல எனக்குத் தாற பங்கு. நான் நோன்பு. குப்பையில கொட்டவா?" சரி, வீணாய்ப் போறதுதானே என்று இவனும் சாப்பிடத் தொடங்கினான்.

இண்டைக்கு விடக்கூடாது! கால் நிலத்தில் நிற்கவில்லை. நேரே ஹோட்டல் பின்கதவடிக்குப் போனான். நானாவோடு வேலை செய்யும் ஜுனைதீன் குப்பை வாளியோடு நின்றான்.

"உங்கடை நானா கள்ளமாச் சாப்பிடுறார், தெரியுமோ? என்ரை ரெண்டு கண்ணாலையும் கண்டனான்."

ஜுனைதீன் அசையவில்லை. "குளிசையும் போட்டாரா?"

"என்ன குளிசை?"

"நெஞ்சுக்கு. அவருக்கு இதய வருத்தம். சாப்பிட்டு நேரத்துக்குக் குளிசை போடாட்டி ஆபத்தெண்டு டொக்டர் சொல்லியிருக்கார். அப்பிடி ஆளுக்கு நோன்பு கடமையில்லை தம்பி."

"அப்ப நோன்பு போனது போனதுதானோ?"

"ஏன் போகுது? மாறாத வருத்தக்காரர் ஒவ்வொரு நோன்புக்கும் பதிலா ஒரு ஏழைக்குச் சாப்பாடு குடுக்கலாம். குர்ஆன்லேயே இருக்கு. அவரும் தன்ட பங்கைத் தொடாம நாளாந்தம் பார்சல் கட்டிக்கொண்டு போறாரே! ஆருக்கெண்டு கேட்டா மட்டும் வாய் திறக்கமாட்டார்."

ஆருக்கென்று தவராஜாவுக்குத் தெரியும். நோன்பென்று அந்த மனுசன் பொய் சொல்லியிராவிட்டால், அந்தச் சோத்தைத் தொட்டிருப்பானோ?

அடுத்த நாள் இரண்டு மணி. நானா பார்சலோடு வந்தார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. இந்த மழைக்குள் இவனை எப்படிப் போகச் சொல்வார்? நானா யன்னலைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார், நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

"சாப்பிடுங்க தம்பி. நான் நோன்பு, வீணாத்தான் போகும்."

"தாங்கோ நானா. ஆத்தங்கரையிலை இருந்து சாப்பிடப்போறன். திரும்பி வர ஒரு மணித்தியாலம் செல்லும். நோன்பு ஆள், கதவைப் பூட்டிப்போட்டு ஆறுதலாப் படுங்கோ."

"இந்த மழைக்குள்ளயா?"

"மழையெண்டால் எனக்கு உயிர் நானா."

இந்த முறை குடையை மறக்காமல் எடுத்துக்கொண்டான்.