கொப்பியின் கடைசி நடனம்

இன்ஸ்பெக்டர் நாங்கள் எழுதி வந்த கொப்பியை மேசைமேல் விரித்து வைத்திருந்தார்.

பென்சிலால் வரைந்த வளைகோடுகள். அம்புக்குறிகள். ஓரத்தில் 5.6, 5.8 என்று எண்கள். மொஸ்கோ, பிராக், லண்டன்.

எழுபத்தொன்று ஏப்ரல். கிளர்ச்சிக்காரப் பையன்களைப் பொலிஸ் காடு காடாகத் தேடிக்கொண்டிருந்த நாட்கள். நுஹ்மான் நானாவின் பலசரக்குக் கடையைச் சோதித்தபோது அரிசி மூட்டைக்குப் பின்னால் கொப்பி அகப்பட்டது. உள்ளே என் கையெழுத்தும் இருந்ததால் என்னையும் வீட்டிலிருந்து கூட்டி வந்துவிட்டார்கள்.

உண்மையைச் சொன்னேன். சப்பாத்தில் இரும்புத் தகடு பூட்டி, ஆணும் பெண்ணும் பனிக்கட்டித் தரையில் ஆடும் போட்டி இது. சாமான் சுற்றுவதற்கென்று தோட்டத்துப் பங்களாக்களிலிருந்து நானா வாங்கிவரும் ஆங்கிலச் சஞ்சிகைகளில் பார்த்துப் பிடித்துப்போனது. எந்த ஜோடி எந்த வருஷம் வென்றது, யார் முழங்கால் உடைந்து நிறுத்தினார்கள், யார் ஜோடி மாறினார்கள் என்று ஆறு வருஷமாக எழுதி வைக்கிறோம். எண்கள் நடுவர்கள் போட்ட புள்ளிகள். கோடுகள் கால் போகும் தடம்.

நாங்கள் இருவரும் ஐஸை மீன் பெட்டியில்தான் பார்த்திருக்கிறோம். அதைச் சொல்லவில்லை.

அவர் நம்பவில்லை. கடைசிப் பக்கத்தைத் திருப்பி, இதை இரண்டு பேரும் ஆடிக் காட்டுங்கள் என்றார் சிங்களத்தில்.

அந்தப் படத்தை நான் பார்த்ததே இல்லை. கொப்பி மாதத்துக்கு ஒருவரிடம் இருக்கும்; இந்த மாதம் நானாவின் முறை.

நானா எழுந்து வந்து என் கையைப் பிடித்தார்.

“நான் இழுக்கிற பக்கம் வாங்க, மாஸ்டர்.”

சீமெந்துத் தரையில் ஆடினோம். நேரே சில அடிகள், இடப்பக்கம் ஒரு வளைவு, பிறகு சுற்றிச் சுற்றி மூன்று தடவை. கொன்ஸ்தாபிள்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. அவருடைய விரல் எங்கள் கால்களோடு கோட்டின் மேல் நகர்ந்துகொண்டே வந்தது.

கோடு முடிந்த இடத்தில் நானாவும் நின்றார்.

எங்களை வெளியே மர வாங்கில் கால்மணி நேரம் உட்காரவைத்தார்கள். பிறகு கொப்பியைக் கையில் தந்து போகச் சொன்னார்கள்.

வாசலைத் தாண்டியதும், அது எந்த ஜோடி ஆடிய நடனம் என்று கேட்டேன்.

“நடனம் இல்ல, மாஸ்டர். இரத்தோட்டையால லக்கலைக்குப் போற காட்டு வழி. சோறு கொண்டு போறவனுக்கு வரைஞ்சு காட்டினது. கோடு முடியிற எடத்துலதான் எங்க மர்சூக் ஒளிஞ்சிருக்கான்.”

மகன் கொழும்பில் படிப்பதாகத்தான் அவர் எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

அந்தப் பக்கத்தைக் கிழித்து எறிந்துவிடலாம் என்று கொப்பியைப் பிரித்தேன்.

கடைசிப் பக்கம் இல்லை. தையலில் ஒரு கீற்றுக் காகிதம் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

பொலிஸ் ஜீப் எங்களைக் கடந்து இரத்தோட்டைப் பாதையில் திரும்பியது.

நானா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அதன் பின்னால் ஓடினார்.