ஷவர் பக்கத்து ப்ளக்

"ஷவருக்குக் கைக்கெட்டுற தூரத்துலயா ப்ளக் பாயிண்ட்? உடனே எடுத்தாகணும்மா."

வயரிங்கை இலவசமாகச் சோதித்துத் தருவதாகச் சொல்லி வந்த எலக்ட்ரீஷியன் நேரே குளியலறைக்குத்தான் போனார். அந்த வீட்டுக்குப் போன வாரம் குடிவந்த அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"ஐயையோ! என் பொண்ணு இங்கதான் தலைக்கு டிரையர் போடுறா!"

"ஈரக்கை பட்டா உயிருக்கே ஆபத்து. விதிப்படி இங்க வைக்கவே கூடாது."

மெயினை அணைத்துவிட்டு அவர் ப்ளக்கைக் கழற்ற, அவள் பொரிந்து தள்ளினாள். "எந்த அறிவுகெட்டவன் வச்சானோ! குடும்பத்தையே கொன்னிருப்பானே!"

துளையை மூடிய பிறகு அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"முன்னாடி இருந்தவங்க... நல்லா இருக்காங்களா?"

"எங்க சித்தி குடும்பம்தான். எல்லாரும் சௌக்கியம். ஏன் கேக்குறீங்க?"

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்கள் கலங்கியிருந்தன.

"அந்த அறிவுகெட்டவன் நான்தாம்மா. அப்ப தொழிலுக்குப் புதுசு. அவங்க கேட்ட இடத்துல வச்சுக் கொடுத்துட்டு வெளிநாடு போயிட்டேன். அங்க போய்த்தான் விதியே தெரிஞ்சுது. பதினோரு வருஷமா சரியாத் தூங்கினதே இல்ல. நேத்துதான் ஊர் திரும்பினேன்."

அவளுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை.

"எந்திரிங்கண்ணே," என்றாள். "இனிமே நாமெல்லாரும் நிம்மதியாத் தூங்கலாம்."