மல்லாட்டை வறுக்கிற சத்தம்

இறந்துபோன பெரியவர் விருத்தாசலத்தின் பாடையைத் தூக்க ஆள் தயார். சோதிக்க ஓடவிட்ட பாட்டுதான் சரியில்லை.

"என்னாய்யா ஹாரன் இது? மல்லாட்டை வறுக்கிற மாரி கேக்குது!" என்றார் இறந்தவரின் மைத்துனர்.

வேர்க்கடலைச் சட்டியை நினைத்துத் தெருவே சிரித்தது. சாவு வீட்டில் சிரிப்பு கிளம்பினால் சவுண்ட் சர்வீஸ்காரன் பிழைப்பு அவ்வளவுதான்.

ஹாரன் கட்டிய பெரியதம்பி பாட்டை நிறுத்தினான். கண் எரிந்தது. விழுப்புரத்தில் ஒரு சாவை முடித்த கையோடு ஹாரன் ஸ்பீக்கரைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு திண்டிவனம் வந்தவன். வழியில் கூட்டேரிப்பட்டில் கடித்த பன்தான் அன்றைய சாப்பாடு.

பாட்டைக் கொடுத்தவள் விருத்தாசலத்தின் மகள் கலையரசி. தன் போனையே அவன் கையில் திணித்திருந்தாள்.

"தெனம் காலையில டேப்புல போட்டுக் கேப்பாருண்ணே. நான் பக்கத்துல இருந்து போன்ல புடிச்சேன். அவரத் தூக்கச்சொல்ல, அந்த நேரத்துல இதான் பாடணும்."

விருத்தாசலம் புதுச்சேரியில் டாக்ஸி ஓட்டியபோது ஒரு வெள்ளைக்காரர் வண்டியில் விட்டுப்போன கேசட் அது. பாடுகிறவர் அந்தக் காலத்து அமெரிக்கக் கறுப்பராம். பகலில் பருத்திக் காட்டில் கூலி வேலை, பொழுது சாய்ந்தால் கிடார். செத்தபோது எங்கே புதைத்தார்கள் என்றுகூட யாருக்கும் தெரியாதாம்.

விருத்தாசலத்துக்கு ஒரு வார்த்தைகூடப் புரியாது. பாதியில் நிறுத்தவும் விடமாட்டார்.

பெரியதம்பி தன் செல்போனுக்குப் பாட்டை மாற்றினான். பாட்டைத் தவிர மற்ற இரைச்சலையெல்லாம் எடுக்கும் ஆப் ஒன்று வைத்திருந்தான். தேய்ந்துபோன சாமி பாட்டையெல்லாம் அதில்தான் கழுவி எடுப்பான்.

இப்போது குரல் கண்ணாடி மாதிரி வந்தது. கிடார் கம்பி ஒவ்வொன்றும் தனித்தனியாய்க் கேட்டது. மைத்துனரே தலையாட்டினார்.

பாடை எழுந்தது.

பெண்கள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்தாள் கலையரசி. "எல்லாத்தையும் ஏண்ணே தொடச்சிட்டீங்க? பழசையே போடுங்கண்ணே!"

"மறுபடி வறுக்கணுமாம்மா?"

"ஜல்தி போடுங்கண்ணே!"

வாதாட அவனிடம் தெம்பில்லை. போட்டான்.

ஹாரன் கரகரத்தது. கிடார் மங்கியது. மைத்துனர் பல்லைக் கடித்தார்.

அந்தக் கரகரப்புக்குள்ளிருந்து ஓர் இருமல். பிறகு, தெரு முழுக்க விருத்தாசலத்தின் குரல்.

"கலை... டீ ஆச்சாம்மா?"

வாசலில் தூக்கிய பாடையை மறுபடி தரையில் வைக்கக் கூடாது என்பது அந்தத் தெருவின் வழக்கம்.

வைத்தார்கள்.